ஒரே பெட்டியில் பல சர்வர்: சின்னத் தொழில் செய்பவர்களுக்கு விர்ச்சுவல் மெஷின் வழிகாட்டி

சேலத்தில் எந்தச் சின்ன அலுவலகத்துக்குள் போனாலும் மேசைக்கு அடியில் இரண்டு மூன்று சிபியு இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடை என்றால் ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் வெள்ளி இருப்பு. அம்மாப்பேட்டை ஜவுளிக்காரரிடம் ஒன்றில் பில்லிங், பக்கத்தில் எப்போதோ ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஆர்டர் மென்பொருள். ஏற்காட்டு லாட்ஜ் என்றால் அறை முன்பதிவு. இவற்றில் பலவும் நாள் முழுக்கச் சும்மாதான் இருக்கின்றன. ஆனாலும் எதையும் அணைக்க யாருக்கும் தைரியம் வராது, அப்டேட் போடவும் வராது. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், கை வைக்காதே என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பயம் போக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கம்ப்யூட்டர். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கரண்ட் மிச்சம், இட மிச்சம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். மிச்சமாவது நிஜம்தான், கணக்கும் கீழே தருகிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வேலையில் இருக்கும் சர்வரை அப்படியே நகல் எடுத்து, அந்த நகலில் என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம் என்பது. கெட்டுப்போனால் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வசதி ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், அப்புறம் யாரும் நிஜ சர்வரில் நேரடியாகக் கை வைக்க மாட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ஹைப்பர்வைசர் என்றொரு மென்பொருள், ஒரே கம்ப்யூட்டரின் பிராசஸர், ராம், டிஸ்க் ஆகியவற்றைப் பங்கிட்டுப் பல கம்ப்யூட்டர்களாகக் காட்டுகிறது. ஒவ்வொன்றிலும் தனி விண்டோஸோ லினக்ஸோ நிறுவலாம். தனக்கென்று ஒரு முழு மெஷின் இருப்பதாகவே அது ஓடும். நிஜப் பெட்டியை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றோ விஎம் என்றோ சொல்வார்கள்.

ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு தனி, பூட்டு தனி. ஒரு வீட்டில் நடக்கும் சண்டை அடுத்த வீட்டுக்குள் வராது. ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். விஎம்களுக்கு ராமும் டிஸ்க்கும் அந்தத் தொட்டி. ஒன்று வைரஸ் பிடித்துப் படுத்தாலும் மற்றவை ஓடும். தொட்டி காலியானால் எல்லாம் நிற்கும்.

இது புதுச் சரக்கு இல்லை. ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களுக்காக விஎம்/370 என்ற அமைப்பை 1972-இலேயே வெளியிட்டது. நம் மேசைக் கம்ப்யூட்டர்களில் இது வேகமாக ஓடத் தொடங்கியது 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் பிராசஸருக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்த பிறகு. 2007-இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் மையமான கர்னலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கீழே நாம் பயன்படுத்தப் போகும் பிராக்ஸ்மாக்ஸ் அதன் மேல் கட்டப்பட்டதுதான்.

காசு செலவழிக்கும் முன்: விர்ச்சுவல்பாக்ஸ்

புதுப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். இப்போது உங்களிடம் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால் பழகுவதற்குப் போதும். 16 இருந்தால் தாராளம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு-வைச் சொடுக்குங்கள். கீழே 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக வேண்டும். இன்டெல் பெட்டியில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏஎம்டி பெட்டியில் 'எஸ்விஎம் மோட்' என்றும் ஒரு வரி இருக்கும். அதை இயக்கிவிட்டு, சேமித்து வெளியே வாருங்கள்.

அப்புறம் ஆரக்கிளின் தளத்திலிருந்து விர்ச்சுவல்பாக்ஸையும், உபுண்டு தளத்திலிருந்து உபுண்டு சர்வர் 24.04 என்ற லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலையும் (நிறுவல் சிடியின் ஃபைல் வடிவம்) இறக்கிக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' பொத்தானை அழுத்தி, 2 கோர், 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்து அந்த ஐஎஸ்ஓ-வைக் காட்டினால் நிறுவல் தொடங்கிவிடும். 20 ஜிபி என்று கொடுத்ததும் உங்கள் டிஸ்க்கில் 20 ஜிபி உடனே போய்விடாது. உள்ளே எழுத எழுதத்தான் வளரும்.

விஎம் ரொம்ப மெதுவாக ஓடினால் அதன் ஜன்னலின் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி பின்னணியில் ஓடுகிறது என்று பொருள். அதை அணைத்தால் வேகம் வரும். இன்னொன்று: விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், ஆனால் அதோடு தனியாகக் கிடைக்கும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம். கடை, அலுவலகம் என்றால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். தேவையில்லாமல் அதை நிறுவிவிடாதீர்கள்.

உபுண்டு எழுந்து வந்ததும் ஒரு ஸ்நாப்ஷாட் எடுங்கள். விஎம் அந்த நொடியில் இருக்கும் நிலையை அது அப்படியே பதிந்து வைக்கும். பிறகு, விஎம்முக்குள்தான் இருக்கிறோம் என்று இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். அது எழுந்திருக்காது. இப்போது ஸ்நாப்ஷாட்டை ரீஸ்டோர் செய்யுங்கள். எல்லாம் பழையபடி வந்து நிற்கும். இதைக் கையால் செய்து பார்க்காமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். படித்துத் தெரிந்துகொண்டவருக்கும் செய்து பார்த்தவருக்கும் தைரியத்தில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பெட்டி தேர்ந்தெடுப்பது

பழகியாயிற்று, இனி நிஜ வேலைக்குத் தனிப் பெட்டி. ராக்கில் மாட்டும் பெரிய சர்வர் பத்து பேர் வேலை செய்யும் இடத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பழைய ராக் சர்வர்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சத்தமும் சூடும் கரண்டும் அதிகம். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று போதும். இன்டெல் ஐ5 என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ பாருங்கள். அந்தத் தலைமுறையில்தான் மேசை ஐ5-க்கு 6 கோர் வந்தது.

காசை ராமில் போடுங்கள். பிராசஸரை விஎம்கள் பகிர்ந்துகொள்ளலாம். 6 கோர் உள்ள பெட்டியில் எல்லா விஎம்களுக்கும் சேர்த்து 10 கோர் கொடுத்திருந்தாலும் பெரும்பாலான நேரம் அவை சும்மா இருப்பதால் ஓடிவிடும். ராமில் அந்தத் தாராளம் செல்லாது. 32 ஜிபி பெட்டி என்றால் நான் போடும் பங்கு இப்படி: ஹோஸ்டுக்கு 4, கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸுக்கு 8, ஆர்டர் மென்பொருள் லினக்ஸுக்கு 4, சோதனைக்கு 8. மீதி 8-ஐத் தொடுவதில்லை. திடீரென ஒரு நகலை எழுப்ப அது வேண்டும்.

டிஸ்க் கட்டாயம் எஸ்எஸ்டி. நாலு விஎம்கள் ஒரே நேரத்தில் படித்து எழுதினால் சுழலும் ஹார்ட் டிஸ்க் திணறிவிடும். இரண்டு எஸ்எஸ்டி வாங்கி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதியாக வைத்தால், ஒன்று செத்தாலும் கடை திறந்திருக்கும்.

இப்போது கரண்ட் கணக்கு. 60 வாட் இழுக்கும் பழைய கம்ப்யூட்டர் மூன்று, நாள் முழுக்க ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 வாட், நாளுக்கு 4.32 யூனிட். இரண்டு மாத பில்லில் அது ஏறத்தாழ 259 யூனிட். அதே வேலையைச் சராசரி 30 வாட் இழுக்கும் ஒரே பெட்டி செய்தால் 43 யூனிட்தான் வரும். வாட்டை ஊகிக்க வேண்டாம். பிளக்கில் மாட்டி அளக்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, உங்கள் பெட்டியையே அளந்து பாருங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கொலுசுப் பட்டறையில் வெள்ளியை அமிலத்தில் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அந்த ஆவி செம்பு இணைப்புகளை அரித்துவிடும். ஏற்காட்டில் என்றால் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயர்த்தி, ஈரம் ஊறும் வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் நிறுவுதல்

விஎம்வேர், ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ் என்று மூன்று வழி உண்டு. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பிறகு, ஒரே முறை பணம் கட்டி வாங்கும் உரிமங்கள் நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்துவிட்டது. சின்ன இடங்களுக்கு அது கட்டுப்படியாகாது. விண்டோஸ் மட்டுமே தெரிந்தவர்களுக்கு ஹைப்பர்-வி சரி. மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது பிராக்ஸ்மாக்ஸ். வியன்னாவில் உள்ள நிறுவனம் 2008 முதல் தருவது. டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது, மூல நிரல் திறந்தது, எல்லா வேலையும் பிரவுசரிலேயே செய்யலாம். கட்டணம் ஆதரவுக்குத்தானே தவிர, பயன்படுத்துவதற்கு இல்லை.

ஐஎஸ்ஓ-வை இறக்கி, எட்சர் அல்லது ரூஃபஸ் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். ரூஃபஸ் கேட்டால் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பினால் நிறுவல் திரை வரும். தேர்ந்தெடுக்கும் டிஸ்க்கில் இருப்பது முழுக்க அழிந்துவிடும், அதனால் உள்ளே பழைய கணக்கு எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு எஸ்எஸ்டி இருந்தால் அந்த இடத்திலேயே கண்ணாடிப் பிரதி வைக்கும் இசட்எஃப்எஸ் ரெய்டு 1 என்பதைத் தேர்வு செய்யலாம்.

நெட்வொர்க் திரையில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஹோஸ்டுக்கு நிலையான ஐபி முகவரி கொடுக்க வேண்டும். ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகள் 192.168.1.100 முதல் 200 வரை என்றால், அதற்கு வெளியே 192.168.1.50 போன்ற ஒன்றைக் கொடுங்கள். பிறகு வரும் விஎம்களுக்கு 51, 52 என்று வரிசையாகப் போகலாம். கேட்வே என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரி. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையே கண்டிப்பாகக் கேபிள் இருக்க வேண்டும். வைஃபையில் பல விஎம்களை ஒரே இணைப்பு வழியாக வெளியே விடுவது சாதாரண அமைப்பில் வேலை செய்யாது.

முடிந்ததும் பெட்டியின் திரையில் ஒரு முகவரி தெரியும். கடைசியில் 8006 என்ற போர்ட் எண் இருக்கும். இனி அந்தப் பெட்டிக்கு மானிட்டர் வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்த முகவரியை அடியுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வரும். சான்றிதழை அந்தப் பெட்டியே போட்டுக்கொண்டதால் வருவது அது, தொடரலாம். ரூட் என்ற பெயரில் நுழைந்தால் சந்தா இல்லை என்று ஒரு அறிவிப்பு வரும். பயப்பட வேண்டாம். ஆனால் அப்டேட்ஸ் பகுதியின் ரெபாசிட்டரீஸ் பக்கத்துக்குப் போய், என்டர்பிரைஸ் வரியை அணைத்துவிட்டு 'நோ சப்ஸ்கிரிப்ஷன்' வரியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். சேர்க்காவிட்டால் பிராக்ஸ்மாக்ஸுக்கான அப்டேட் எதுவும் வராது.

முதல் விஎம்

'லோக்கல்' என்ற சேமிப்பிடத்தில் ஐஎஸ்ஓ இமேஜஸ் பக்கத்தில் உபுண்டு ஃபைலை ஏற்றுங்கள். மேலே வலது பக்கம் 'கிரியேட் விஎம்' பொத்தான். எண் 100-இல் தொடங்கும். பெயரைப் பார்த்ததும் வேலை புரிய வேண்டும். 'டெஸ்ட்1', 'நியூ2' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எதற்கென்று உங்களுக்கே தெரியாது. சிஸ்டம் பக்கத்தில், ஹோஸ்டும் விஎம்மும் பேசிக்கொள்ள உதவும் 'கியூஎம்யூ ஏஜென்ட்' பெட்டியை டிக் செய்யுங்கள். டிஸ்க் பக்கத்தில் 'டிஸ்கார்ட்' டிக் செய்தால், உள்ளே அழித்த இடம் ஹோஸ்டுக்குத் திரும்பக் கிடைக்கும். மற்றதெல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். நிறுவி முடித்ததும் விஎம்முக்குள்ளேயும் கியூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டை நிறுவ வேண்டும்; பேக்கப் சுத்தமாக வர அது உதவும்.

விண்டோஸ் என்றால் ஒரு படி கூடுதல். விஎம்களுக்கென்றே உள்ள வேகமான விர்ட்ஐஓ முறையில் டிஸ்க்கைக் கொடுத்திருந்தால், நிறுவும்போது டிஸ்க்கே இல்லை என்று அது சொல்லும். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ-வை இரண்டாவது சிடி போல மாட்டி, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும். விண்டோஸ் 11 என்றால் பயாஸின் புது வடிவமான யுஇஎஃப்ஐ-யும், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் விர்ச்சுவல் வடிவமும் சேர்க்க வேண்டும். உரிமத்தையும் மறக்க வேண்டாம்: விஎம் என்றாலும் ஒவ்வொரு விண்டோஸுக்கும் உரிமம் தேவை. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமம் பெட்டியின் எல்லா கோர்களுக்கும் வாங்கியிருந்தால், அதில் இரண்டு விஎம்கள் ஓட்டலாம்.

கொடுத்த டிஸ்க் அளவுகளின் கூட்டுத்தொகை நிஜ டிஸ்க்கைவிடப் பெரிதாக இருக்கப் பிராக்ஸ்மாக்ஸ் அனுமதிக்கும். 500 ஜிபி எஸ்எஸ்டியில் 200 ஜிபி விஎம் நாலு உருவாக்கலாம். எல்லாம் நிரம்பத் தொடங்கினால் ஒரு நாள் நிஜ டிஸ்க் முட்டும், அன்று நாலும் சேர்ந்து நிற்கும், ஃபைல்களும் கெடலாம். வாரம் ஒருமுறை சேமிப்பிடம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80-ஐத் தாண்டினால் உடனே கவனியுங்கள்.

சோதனை செய்வது எப்படி

பெட்டி வாங்கியதன் பலன் இங்கேதான் கிடைக்கப்போகிறது, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு டெம்ப்ளேட் செய்துகொள்ளுங்கள். உபுண்டு நிறுவி, அப்டேட் போட்டு, நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, எப்போதும் தேவைப்படும் கருவிகளைச் சேர்த்த ஒரு விஎம். அதை நிறுத்தும் முன் அதற்குள் இருக்கும் மெஷின் ஐடி ஃபைலைக் காலியாக்குங்கள். இதை விட்டுவிட்டால் அதிலிருந்து எடுக்கும் எல்லா நகல்களும் ஒரே அடையாளத்தோடு ரவுட்டரிடம் போய் நிற்கும். ரவுட்டரும் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடும். இரண்டாவது நகல் எழும்போது முதலாவது காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எஸ்எஸ்எச் சாவிகளையும் அழித்துவிடுங்கள், நகல் முதல்முறை எழும்போது புதிதாக உருவாக்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பிறகு 'கன்வெர்ட் டு டெம்ப்ளேட்'. இனி புது சர்வர் வேண்டுமென்றால் ஒரு நிமிடக் காரியம்.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் மாற்றம் செய்வது. ஏற்காட்டு லாட்ஜின் முன்பதிவு மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, கோடை விழாக் கூட்டம் தொடங்கும் முன் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய இரவின் பேக்கப்பை எடுத்து, புது எண்ணோடு வேறு விஎம்மாக ரீஸ்டோர் செய்யுங்கள். நேரடியாக 'குளோன்' கொடுக்காமல் பேக்கப்பிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது: சோதனைக்கு நகலும் கிடைக்கிறது, பேக்கப் உண்மையில் எழுகிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது. ஒரே வேலையில் இரண்டு பலன்.

அந்த நகலை ஸ்டார்ட் செய்வதற்கு முன், அதன் ஹார்டுவேர் பக்கத்தில் நெட்வொர்க் கார்டைத் திறந்து 'டிஸ்கனெக்ட்' டிக் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு தொல்லை வரும். அசலும் நகலும் ஒரே ஐபி முகவரியோடு எழுந்து, வரவேற்பில் இருப்பவரின் திரை ஒரு நிமிடம் அசலோடும் மறு நிமிடம் நகலோடும் பேசத் தொடங்கும். அது போதாதென்று, நகலும் தன்னை அசல் என்றே எண்ணி வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பும். அறை ரத்தான செய்தி யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தபின் விளக்கம் சொல்லிப் பயனில்லை. உள்ளே போய் முகவரியை மாற்றி, செய்தி அனுப்பும் பகுதியை நிறுத்தி, தானாக நேரத்துக்கு ஓடும் வேலைகளையும் நிறுத்திய பிறகே நெட்வொர்க்கைக் கொடுங்கள்.

இப்போது புதுப் பதிப்பை நகலில் போடுங்கள். ஒரு முன்பதிவு, ஒரு ரத்து, ஒரு பில், ஒரு மாத அறிக்கை என்று நாள்தோறும் நடக்கும் வேலைகளைச் செய்து பாருங்கள். அந்த மென்பொருளைத் தினமும் பயன்படுத்தும் வரவேற்பாளரையே பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யச் சொல்வது இன்னும் நல்லது. அவருக்குத் தெரியும் குறைகள் நமக்குத் தெரியாது. என்னென்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியென்றால், கூட்டமில்லாத நேரம் பார்த்து, அசல் விஎம்மில் ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டு, எழுதி வைத்த அதே வரிசையில் செய்யுங்கள். பிரச்சினை வந்தால் ரோல்பேக். ஆனால் ஒன்று: ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதற்குப் பின் பதிவான முன்பதிவுகளும் போய்விடும். அதனால் திரும்புவதா வேண்டாமா என்பதை முதல் அரை மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், அந்த அரை மணிக்குப் பதிவுகளை நோட்டில் எழுதச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடியபின் ஸ்நாப்ஷாட்டை அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

பேக்கப்

ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது. அதே டிஸ்க்கில் இருப்பது, டிஸ்க் போனால் அதுவும் போய்விடும். முன்பு மூன்று பெட்டியில் பிரிந்து கிடந்த வேலை இப்போது ஒரே பெட்டியில் இருக்கிறது என்பதால், பேக்கப் இல்லாமல் விஎம்முக்கு மாறுவதைவிடப் பழையபடியே இருப்பது நல்லது. இதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

டேட்டாசென்டர் பகுதியில் பேக்கப் பக்கத்தில் தினமும் இரவு 1 மணிக்கு எல்லா விஎம்களையும் எடுக்கும்படி ஒரு வேலையைச் சேருங்கள். எத்தனை பழையதை வைத்திருப்பது என்பதையும் அங்கேயே சொல்லலாம். கடைசி 7 நாள், 4 வாரம், 6 மாதம் என்பது சின்ன இடத்துக்குப் போதும். சேருமிடம் வேறு பெட்டியாக இருக்க வேண்டும், நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டியான நாஸ் இருந்தால் அது. இல்லையென்றால் இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி மாட்டி, ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கும்படி செய்யுங்கள். கடை செவ்வாய்ப்பேட்டையில், வீடு ஃபேர்லாண்ட்ஸில் என்றால் தீ விபத்து, திருட்டு, ரான்சம்வேர் எதுவும் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட முடியாது. டேட்டாபேஸ் ஓடும் விஎம் என்றால், அதற்குள்ளிருந்தும் தினமும் ஒரு தனி ஏற்றுமதி எடுத்து வையுங்கள்.

கரண்ட்டும் மின்னலும்

கோடை மழை இடியோடு வரும் மாலையில் ஏற்காட்டில் கரண்ட் போய்ப் போய் வரும். சேலத்திலும் அந்தத் தொல்லை உண்டு. யுபிஎஸ் கட்டாயம். அதை யுஎஸ்பி கேபிளால் ஹோஸ்டோடு இணைத்து, நட் (NUT) என்ற மென்பொருளை நிறுவினால், பேட்டரி குறையும்போது விஎம்களை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் பெட்டியும் தானே அணையும். கரண்ட் வந்ததும் தானே எழ, பயாஸில் மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி அமைத்து, ஒவ்வொரு விஎம்மிலும் 'ஸ்டார்ட் அட் பூட்' கொடுங்கள். டேட்டாபேஸ் முதலில், அதை நம்பியிருக்கும் மென்பொருள் பிறகு என்று வரிசையும் கொடுக்கலாம்.

மலையில் தனித்தனிக் கட்டடமாக இருக்கும் லாட்ஜ்களில் வெட்டவெளியில் செம்பு லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். மின்னல் அதன் வழியாக வந்து ஸ்விட்ச்சையும் சர்வரின் நெட்வொர்க் போர்ட்டையும் சேர்த்து எரித்துவிடும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால்

பொதுமக்கள் பார்க்கும் இணையதளத்தை அலுவலகப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்பதே என் யோசனை. மும்பையிலோ வேறெங்கோ உள்ள டேட்டா சென்டரில் ஒரு விர்ச்சுவல் சர்வரை (விபிஎஸ்) வாடகைக்கு எடுங்கள். அதுவும் ஒரு விஎம்தான், இங்கே பழகியதெல்லாம் அங்கேயும் செல்லும். உள்வேலை, சோதனை இரண்டும் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

அப்படியும் அலுவலகப் பெட்டியிலிருந்தே தர வேண்டுமென்றால், ரவுட்டரில் தெரியும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது கிளவுட்ஃபிளேர் டனல் போன்றதைப் பயன்படுத்த வேண்டும். 8006 போர்ட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். வெளியூரிலிருந்து நிர்வகிக்க டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக வாருங்கள்.

பழைய சர்வரை உள்ளே கொண்டுவருவது

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். சிசிடிவி பதிவு ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும், அது தன் பெட்டியிலேயே இருக்கட்டும். யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் ஓடும் மென்பொருளை விஎம்முக்குக் காட்டிக் கொடுக்கலாம், ஆனால் முதலில் சோதித்துப் பாருங்கள். ரவுட்டர் வேலையையும் இதே பெட்டிக்குள் கொண்டுவந்தால், பெட்டி நின்ற அன்று அதைச் சரிசெய்ய இணையமும் இருக்காது.

மாற்ற வேண்டியவை என்றால், புதிதாக நிறுவித் தரவை மட்டும் கொண்டுவருவது சுத்தமான வழி. நிறுவிக் கொடுத்தவர் ஊரில் இல்லை, சிடியும் இல்லை என்றால், மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஎச்டி கருவி ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே ஒரு டிஸ்க் ஃபைலாக எடுத்துத் தரும். அதை பிராக்ஸ்மாக்ஸில் இறக்குமதி செய்து, பழைய பெட்டி சாதாரண பயாஸா யுஇஎஃப்ஐ-யா என்று பார்த்து அதேபோல அமைத்து, முதலில் சாட்டா டிஸ்க்காக மாட்டி எழுப்புங்கள். எழுந்தபின் விர்ட்ஐஓ-வுக்கு மாறலாம். பெட்டியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்தப் பெட்டியோடு கட்டுப்பட்டது. விஎம்முக்கு வேறு உரிமம் வாங்க வேண்டிவரும்.

மாறிய அன்றே பழைய டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். பெட்டியை அணைத்து, நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, அப்படியே வையுங்கள். மாதக் கணக்கு முடிந்து, அடுத்த மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலும் விஎம்மிலிருந்தே சிக்கலில்லாமல் முடியட்டும். அதன் பிறகு அந்தப் பழைய பெட்டியில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு, பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவி, கட்டடத்தின் வேறொரு அறையில் ஓட விடலாம்.